ஒரு கையுறைக்குப் பின்னால் மூன்று கணக்குகள்

மருத்துவமனையில் இரத்தம் எடுக்க வரும் தாதி, பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவி மாட்டிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார். ஐந்து நிமிடம்கூட அவர் கையில் இராத அந்தக் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தால், நோயாளியின் இரத்தம் அவருடைய தோலைத் தொடும். அந்த ஓட்டையைத் தடுக்கும் வேலை நம் பக்கத்து ஊர்களில்தான் நடக்கிறது. கோவிட் பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில், உலகில் பயன்பட்ட இரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மலேசியாவில் தயாரானவை. 1979-இல் தொடங்கிய கோசான், 1991-இல் தொடங்கிய டாப் குளோவ் போன்ற பெரிய நிறுவனங்கள் கிள்ளான் வட்டாரத்தில் வளர்ந்தவைதாம்.

இத்தகைய தொழிற்சாலையை நடத்துவோர் நாள்தோறும் மூன்று கணக்குகளைப் பார்க்க வேண்டும். கையிருப்பு எவ்வளவு? தரம் எப்படி? இயந்திரத்தின் உடல்நிலை என்ன? மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். ஆனால் ஒன்றில் தவறினால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும்.

கெட்டுப்போகும் சரக்கு

முதலில் கையிருப்பு. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். இலை அதிகமாக வாங்கினால் வாடிப்போகும். குறைவாக வாங்கினால் மதியம் ஒரு மணிக்கே வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரப்பர் பாலும் அப்படித்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் சீவிய பாலை வெயில் ஏறுமுன் எடுத்துச் சேர்க்காவிட்டால், நுண்ணுயிர்கள் பெருகிப் பால் கட்டிப்போகும். அதைத் தடுக்க அம்மோனியா கலக்கிறார்கள். மரத்திலிருந்து வரும் பாலில் இரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் இட்டு, 60 விழுக்காடு இரப்பர் உள்ள அடர்பாலாக மாற்றிய பிறகே கையுறை ஆலைக்கு வருகிறது. இன்று அதில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து இறக்குமதியாகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் வரத்தும் குறையும்.

கந்தகமும் மற்ற வேதிப்பொருள்களும் கலந்தபின் பாலுக்கு வயது ஏறத் தொடங்கிவிடும். சில நாள் பதப்படுவது நல்லது. அளவுக்கு மீறிப் பதப்பட்டால் அதிலிருந்து உருவாகும் படலம் வலுவிழக்கும். ஆகவே, முதலில் வந்த பால் முதலில் போக வேண்டும் என்பது இங்கே கட்டாய விதி.

எப்போது அடுத்த சரக்குக்குச் சொல்லி வைப்பது? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆலைக்கு ஒரு நாளைக்கு 20 டன் பால் தேவை. சொன்ன பிறகு வந்துசேர 5 நாள் ஆகும். அந்த ஐந்து நாளில் 100 டன் செலவாகும். லாரி தாமதம், மழை, எல்லையில் தடை ஆகியவற்றுக்காக இன்னும் 40 டன் சேர்த்துக்கொள்கிறோம். தொட்டியில் 140 டன்னுக்கு இறங்கியதும் அடுத்த சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த 40 டன் எவ்வளவு என்பதில்தான் அனுபவம் இருக்கிறது. கூட்டினால் பணம் முடங்கும், பால் கெடும். குறைத்தால் ஆலை நிற்கும்.

இருநூறு கையுறையில் லட்சத்துக்குத் தீர்ப்பு

அடுத்தது தரம். ஆலைக்குள் நீண்ட சங்கிலியில் பீங்கானாலான கை அச்சுகள் வரிசையாகத் தொங்கி நகர்கின்றன. அவை கழுவப்பட்டு, பாலைப் படிய வைக்கும் கால்சியம் நைட்ரேட் கரைசலில் நனைந்து, பாலில் மூழ்கி எழுகின்றன. பிறகு வெந்நீரில் அலசப்பட்டு, அடுப்பில் வெந்து உறுதிப்படுகின்றன. கடைசியில் கையுறை உரித்தெடுக்கப்படுகிறது. அச்சு மறுபடியும் கழுவப் போகிறது. புதிய வரிசைகளில் மணிக்கு 45,000 கையுறைகள்வரை இப்படி வெளிவருகின்றன. அதாவது, ஒரு நொடிக்குப் பன்னிரண்டுக்கும் மேல்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் முறை மிக எளிது. கையுறையைத் தொங்கவிட்டு, 1,000 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் கவனிப்பார்கள். ஒரு துளி கசிந்தாலும் அது தோல்விதான். ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்த கையுறையை விற்க முடியாது. எனவே எல்லாவற்றையும் சோதிக்க வழியில்லை. மாதிரி எடுத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதற்கென்று அனைத்துலகத் தர அட்டவணை ஒன்று உண்டு. ஒரு லட்சம் கையுறைகள் கொண்ட தொகுதியிலிருந்து 200 எடுக்கப்படுவதாகக் கொள்வோம். மருத்துவப் பரிசோதனைக் கையுறைகளுக்கு ஐரோப்பா கேட்கும் தர வரம்பு 1.5. அந்த வரம்பின்படி 200-இல் ஓட்டையானவை ஏழுவரை இருந்தால் தொகுதி தேறும். எட்டு இருந்தால் மொத்தத் தொகுதியும் நிராகரிக்கப்படும். அமெரிக்காவின் வரம்பு 2.5. அதன்படி பத்துவரை ஏற்கலாம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். 200-இல் 1.5 விழுக்காடு என்றால் மூன்றுதானே? ஏழுவரை எப்படி விடலாம்? மாதிரி எடுப்பதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. உண்மையில் 1.5 விழுக்காடு மட்டுமே ஓட்டையுள்ள நல்ல தொகுதியிலிருந்துகூட, தற்செயலாக ஐந்தோ ஆறோ கையில் சிக்கலாம். அதற்காக அதைத் தள்ளிவிடக்கூடாது. ஏழு என்று வரம்பு வைத்தால், அத்தகைய தொகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறைக்கு மேல் தேறிவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 4 விழுக்காடு ஓட்டையுள்ள மோசமான தொகுதி அதே சோதனைக்கு வந்தால் என்ன ஆகும்? நிகழ்தகவுக் கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 45 முறை அதுவும் தேறிவிடும். 6 விழுக்காடு ஓட்டையுள்ள தொகுதிகூட நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு முறை தப்பிவிடும். சோதனை என்பது கடைசி வேலி மட்டுமே. கெட்ட கையுறையை அதனால் நல்லதாக்க முடியாது. தரம் சங்கிலியிலேயே உருவாக வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட். 1924-இல் அவர் ஓர் எளிய வரைபடத்தை முன்வைத்தார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சில பொருள்களை அளந்து புள்ளி வைக்க வேண்டும். இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் ஒரு கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, ஒரே திசையில் தொடர்ந்து நகர்ந்தாலோ, ஓட்டைகள் வருமுன்பே இயந்திரத்தைப் பார்க்கச் செல்லலாம்.

நம் நாட்டு இரப்பரும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதுதான். ஒரு காலத்தில் இரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 1965-இல் மலேசியத் தர இரப்பர் முறை வந்தபின், அழுக்கு எத்தனை விழுக்காடு என்பது போன்ற ஆய்வக அளவுகளே தரத்தைத் தீர்மானித்தன.

ஓர் அச்சின் விரிசல்

மூன்றாவது பராமரிப்பு. ஒரு வரிசையில் 10,000 அச்சுகள் இருப்பதாகவும், அது மணிக்கு 45,000 கையுறை தருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அச்சும் ஒரு நாளில் 108 முறை சுற்றி வரும். ஓர் அச்சில் விரிசல் விழுந்தால், ஒரு நாளில் 108 பழுதான கையுறைகள். நூறு அச்சுகள் கெட்டால், மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காடு நிரந்தரமாகப் பழுது. 1.5 என்ற வரம்பில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும்.

பழுது எப்படி வருகிறது என்பதும் ஒரு துப்பு. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், குறிப்பிட்ட ஓர் அச்சைத் தேட வேண்டும். எல்லாக் கையுறையிலும் பரவலாக வந்தால், பால் தொட்டியில் குமிழியோ கழுவும் இடத்தில் கோளாறோ இருக்கலாம்.

பராமரிப்புக்கு ஜப்பானியரான செய்ச்சி நகஜிமா பரப்பிய அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. இயந்திரம் ஓடவேண்டிய நேரத்தில் எத்தனை பங்கு ஓடியது, உரிய வேகத்தில் எத்தனை பங்கு எட்டியது, வந்ததில் நல்லது எத்தனை பங்கு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 90, 95, 98 விழுக்காடு எனத் தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல மதிப்பெண். பெருக்கினால் 84 விழுக்காடுதான். மீதி 16 விழுக்காடு எங்கே போனது என்று தேடுவதுதான் பராமரிப்புப் பிரிவின் வேலை.

மூன்றும் சந்திக்கும் இடம்

சோதனை முடிவு வர 24 மணி நேரம் ஆகிறது என்றால், அதற்குள் அந்த ஒரு வரிசையிலிருந்தே 10 லட்சத்து 80 ஆயிரம் கையுறைகள் வந்து குவிந்திருக்கும். அச்சு கெட்டிருந்தால் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தால், 45,000-ஐ மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும். காத்திருக்கும் சரக்கு குறையக் குறைய, பழுது சீக்கிரம் வெளிப்படும். கிடங்கு நிறைந்திருப்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால், இயந்திரத்தின் நோயை மறைப்பதும் அதுவே.

கோவிட் காலம் இந்தப் பாடத்தை உலக அளவில் நடத்திக் காட்டியது. 2020-இல் மருத்துவமனைகள் பயந்து கூடுதலாகக் கேட்டன. விநியோகிப்பாளர்கள் அதற்கும் மேல் கேட்டார்கள். ஆலைகள் அதையே உண்மையான தேவை என்று எடுத்துக்கொண்டு புது வரிசைகள் கட்டின. ஆயிரம் கையுறைக்குச் சுமார் 20 அமெரிக்க டாலராக இருந்த விலை 100 டாலரைத் தாண்டியது. பிறகு எல்லாருடைய கிடங்கும் நிரம்பியதும் கேட்பவர் இல்லை. 2022-இல் டாப் குளோவ், 2001-இல் பங்குச் சந்தைக்கு வந்தபின் முதன்முறையாகக் காலாண்டு நட்டத்தைக் கண்டது. 2023-இல் ஹர்த்தாலேகா தனது பெஸ்தாரி ஜெயா ஆலையை மூட முடிவெடுத்தது. வாங்குபவரின் சிறிய பதற்றம், ஒவ்வொரு படியாகப் பெருத்து, உற்பத்தியாளரிடம் பேரலையாக வந்து சேரும் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு.

பராமரிப்பு என்ற சொல்லை இரும்போடு நிறுத்திவிடவும் முடியாது. 2020 நவம்பரில் மேரு வட்டாரத்திலிருந்த டாப் குளோவ் ஆலைகளின் தொழிலாளர்களிடையே தொற்று பரவி, 5,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. தொழிலாளர்களின் நெரிசலான தங்குமிடங்கள் அப்போது கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. உலகம் கையுறைக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வரிசைகள் நின்றன. பீங்கான் அச்சை மணிக்கு நான்கைந்து முறை கழுவும் ஆலைக்கு, அதை ஓட்டும் மனிதர் எங்கே படுத்துறங்குகிறார் என்பதும் உற்பத்திக் கணக்கில் சேரவேண்டிய எண்தான்.