வெள்ளிக்கிழமைப் பூப்பொட்டலம்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே பூப்பறிக்கும் வேலை ஆரம்பமாகிவிடும். கொல்லையில் ஐந்து மல்லிகைச் செடி, வேலியோரம் ஒரு முல்லைக்கொடி, கிணற்றடியில் ஒரு வரிசை சம்பங்கி. இவ்வளவுதான் என் பூந்தோட்டம். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் எத்தனை வீட்டு வாசல் ஏறியிருக்கிறேன் தெரியுமா? நேரில் போய் அல்ல, பொட்டலமாகப் போய்!

எங்களுக்கு ஊர் படவேடு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரம். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு ரேணுகாம்பாள் கோயிலும், வில் இல்லாமல் யோக நிலையில் உட்கார்ந்திருக்கும் ராமரும்தான் அடையாளம். எங்களுக்கோ கமண்டல நாகநதியும் வாழைத்தோட்டங்களும். வாழை இருக்கிற ஊரில் பூக்கட்ட நாருக்குப் பஞ்சமா, பொதிய இலைக்குத்தான் பஞ்சமா?

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், வேலூரில் இருக்கும் என் தங்கைக்கு வாராவாரம் பூ அனுப்பத் தொடங்கினேன். தினமும் வேலூருக்கு வேலைக்குப் போகும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தால், சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாகப் பொட்டலம் போய்ச் சேர்ந்துவிடும். அரும்பாகப் போன பூ சாயங்காலம் அவள் வீட்டில் மலரும். "அக்கா, வாசனை தெருமுனை வரைக்கும் வருது!" என்று போன் வரும்.

பூவை ஊர்விட்டு ஊர் அனுப்புவது ஒன்றும் புதுசு இல்லை. 1910இலேயே அமெரிக்காவில் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, வெளியூர் ஆர்டர்களைத் தந்தி மூலம் ஒருவருக்கொருவர் சொல்லியனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இங்கே பணம் கட்டினால் அங்கே பக்கத்துக் கடைக்காரர் பூங்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார். நம் மதுரை மல்லியும் விமானமேறிக் கடல் கடக்கிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தனை பெரிய வியாபாரத்துக்கு முன்னால் என் வாழையிலைப் பொட்டலம் எம்மாத்திரம்? ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது, சகோதரிகளே. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொட்டலம் நின்றுபோன கதை

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதம், தங்கையின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். வயது நாற்பத்தொன்று. பெண் குழந்தைக்கு எட்டு வயது. அன்றைக்கு அந்த வீட்டில் பூவுக்கு என்ன குறைச்சல்? ரோஜா மாலை, சம்பங்கி மாலை, சாமந்தி மாலை என்று வாசல் கொள்ளாமல் குவிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூப்பறித்தேன். பொட்டலம் கட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இனிமேல் அவளுக்கு எப்படிப் பூ அனுப்புவது? அனுப்பினால் மனம் புண்படாதா? நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? பறித்த பூவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

மார்கழி மாதம் ஒருநாள் போனில் தங்கை பெண் கேட்டாள்: "பெரியம்மா, எங்க வீட்டுக்கு ஏன் இப்பல்லாம் பூவே வரல? உங்க செடி செத்துப் போச்சா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "இல்லடா கண்ணு, பனிக்காலம், பூ கம்மி" என்று ஏதோ சொல்லி வைத்தேன். பனிக்காலத்தில் மல்லிகை குறைவுதான்; ஆனால் கிணற்றடியில் சம்பங்கி பூத்துக்கொண்டுதான் இருந்தது.

மாமியார் கேட்ட கேள்வி

என் மாமியாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மாமனார் இறந்து இருபது வருஷத்துக்கு மேல். அன்றிலிருந்து அவர் தலையில் பூ கிடையாது. ஆனால் ஊரிலேயே அவர் அளவுக்கு நெருக்கமாகப் பூக்கட்ட யாராலும் முடியாது. ஈர வாழை நாரைப் பிரித்துவைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டுவார். அம்மனுக்கு, எனக்கு, என் பெண்ணுக்கு, அக்கம்பக்கத்துக் குமரிகளுக்கு.

குழந்தை கேட்டதை அவரிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"இன்னாத்துக்கு நிறுத்தின?" என்றார்.

"இல்ல அத்தை... அவ வெச்சுக்க முடியாதே, பாத்தா அழுவாளேன்னுதான்..."

"பூவைப் பாக்காட்டி மட்டும் அழாம இருக்காளா? வெச்சுக்கறதும் வெச்சுக்காததும் அவ பாடு. அனுப்பறது உன் பாடும்மா. நம்ம அம்மன் கதை தெரியுமில்ல? புருஷனப் பறிகுடுத்துட்டு நெருப்புல எறங்குனவதான். மழை வந்து அணைச்சுது, வேப்பிலையச் சுத்திக்கினு எழுந்து வந்தா. அவளுக்குத்தான் ஆடி மாசம் கூடை கூடையாக் கொட்டறோம். வீட்டுல இருக்கறவளுக்கு மட்டும் ஆவாதா?"

கொஞ்ச நேரம் கழித்து, நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "எனக்கு அப்ப யாரும் அனுப்பல."

அவ்வளவுதான். மறுநாள் காலை ஒன்பது தண்டு சம்பங்கியை வெட்டி இலையில் சுற்றி அனுப்பினேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "உன் ஜன்னலுக்கு."

அன்று இரவு தங்கை போன் செய்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "எந்தச் சொம்புல வெக்கறதுக்கா?" என்று கேட்டாள்.

நான் கற்றுக்கொண்ட பக்குவங்கள்

நீங்களும் அனுப்பிப் பார்க்க நினைத்தால், என் அனுபவத்தில் சில குறிப்புகள்.

மல்லிகையை வெயில் ஏறுவதற்கு முன்னால், நன்றாகத் திரண்டு வெளுத்த அரும்பாகப் பறிக்க வேண்டும். வெயிலில் பறித்தால் சீக்கிரம் துவண்டுவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லிகை கொட்டும் காலம்.

பூவின் மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். இதழில் பழுப்புக் கறை விழும். துணியை நனைத்துப் பிழிந்து வாழையிலையின் மேல் விரித்து, அதில் பூவைத் தளர்வாக வைத்து மடியுங்கள். பறித்த பிறகும் பூ மூச்சுவிடும், சூடு உண்டாக்கும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வெந்துபோகும்.

ஒரு தடவை நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கை வீட்டுக்குத்தானே என்று, பழுத்த வாழைப்பழச் சீப்பையும் பூவையும் ஒரே பையில் போட்டு அனுப்பினேன். பழம் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. பூ வதங்கிப் போயிருந்தது! பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது. காயைப் பழமாக்கும் அதே வாயு பூவைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும். ஃப்ரிஜ்ஜிலும் பூ டப்பாவைப் பழத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

சொம்பில் வைக்கச் சம்பங்கி பிரமாதம். அடியில் இரண்டு மூன்று பூ மலர்ந்து, மற்றவை மொட்டாக இருக்கும் தண்டாகத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மலரும். போய்ச் சேர்ந்ததும் தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக ஓர் அங்குலம் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி புகுந்து, தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் படும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் கிருமி பெருகித் தண்டு அடைபடும். அரை டீஸ்பூன் சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் விடலாம். சர்க்கரை பூவுக்கு ஆகாரம். புளிப்பு கிருமியை மட்டுப்படுத்தும். தினமும் தண்ணீரை மாற்றி, வாடியதைக் கிள்ளி எடுத்தால் பல நாள் பார்வையாக இருக்கும்.

கனகாம்பரத்துக்கு வாசனை இல்லையே தவிர, மல்லிகையைவிட அதிக நேரம் தாங்கும். தூரத்து ஊருக்கு அதுவே நல்லது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மட்டும் அரளி வேண்டாம். அதன் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம்.

யாருக்கு, எப்போது?

கல்யாணம், வளைகாப்பு என்றால் பூ தானாகவே வந்துவிடும். விசேஷமே இல்லாத நாளில் அனுப்பிப் பாருங்கள். பரீட்சை முடித்த பெண், முதல் சம்பளம் வாங்கிய நாத்தனார், போன மாதம் நம்மோடு முகம் கோணிய பக்கத்து வீட்டுக்காரி... ஒரு முழம் பூவுக்கு எவ்வளவு பேச்சு மிச்சம்!

நோயாளிக்கு என்றால், வாசனை குறைந்த பூவை வீடு திரும்பிய பிறகு அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரும்பாலும் பூவை அனுமதிப்பதில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தாய்ப்பாலை வற்றச் செய்ய மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் பழக்கம். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டி வலிக்கும்போது இதைத்தான் செய்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை ஒரு மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவுக்கும் அந்தக் குணம் உண்டென்று 1988இல் எழுதினார்கள். இது மார்பில் கட்டுவதைப் பற்றிய ஆராய்ச்சி. தலையில் சூடுவதைப் பற்றியது அல்ல. ஆகவே பாலூட்டும் தாய்மார்கள் மார்பில் கட்டிப் பார்க்க வேண்டாம். பால் கட்டிக்கொண்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

துக்க வீட்டுக்குப் பூ அனுப்புவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் மாலையெல்லாம் போனவருக்குப் போடுகிறோம். இருக்கிறவர்களுக்கு? எல்லோரும் கிளம்பிப்போன பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும். பதினாறு முடிந்த பிறகு, மூன்றாம் மாதம், அவர் பிறந்த நாள் வரும்போது அனுப்புங்கள். "வைத்துக்கொள்" என்று வற்புறுத்த வேண்டாம். "வைத்துக்கொள்ளாதே" என்றும் சொல்ல வேண்டாம். தண்டோடு உள்ள பூவானால் தலையா, படமா, ஜன்னலா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். கிறிஸ்தவ சிநேகிதியானால், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் சாமந்தியும் சம்பங்கியும் அனுப்புங்கள். அவள் மறக்கவே மாட்டாள்.

காலமும் மெதுவாக மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து, கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற சடங்குகள் இனிமேல் கூடாதென்று தீர்மானம் போட்டது. மற்றப் பஞ்சாயத்துகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசும் சொன்னது. ஒரு கிராமமே கூடி முடிவெடுக்கும்போது, ஒரு பொட்டலத்துக்கு நான் அவ்வளவு தயங்கியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

இப்போது

அந்தப் பங்குனியில் மல்லிகை மறுபடி அரும்பியபோது, பெண்ணுக்கு என்று ஒரு முழமும், சும்மா உதிரியாக ஒரு கைப்பிடியும் அனுப்பினேன். உதிரிப்பூவைத் தங்கை கிண்ணத்தில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாளாம். "நல்லாத் தூக்கம் வருதுக்கா" என்றாள். தலையில் வைத்துக்கொள்கிறாளா என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் பள்ளிக்கூட விழாவில் எடுத்த போட்டோ ஒன்றைத் தங்கை பெண் செல்போனில் அனுப்பியிருந்தாள். அம்மாவும் பெண்ணும் ஒரே சரத்தைப் பாதியாகக் கிள்ளி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

ஆனால் என் மனதை உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. "எனக்கு அப்ப யாரும் அனுப்பல" என்று மாமியார் சொன்னாரே! இருபது வருஷமாக என் கண்ணெதிரில் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "உங்களுக்கு அத்தை?" என்று நான் ஒருநாளாவது கேட்டேனா?

ஒரு வெள்ளிக்கிழமை, வேலூர்ப் பொட்டலத்தோடு இன்னொரு சின்னப் பொட்டலமும் கட்டினேன். பித்தளைச் சொம்பில் நாலு தண்டு சம்பங்கியும், இலையில் ஒரு பிடி மல்லிகையும் அவர் கட்டிலருகே வைத்தேன். திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கும்மா இது?"

"உங்களுக்குத்தான் அத்தை."

"எனக்கா?" என்றார். ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். பிறகு, "சொம்புல தண்ணி கம்மியா இருக்குது பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பொட்டலம். உங்கள் வீட்டில் எத்தனை என்று யோசித்துப் பாருங்களேன்!