கல்லிடுக்கில் வளரும் செடியும் சிறுநீரகக் கல்லும்

“ரணகள்ளி இலை தின்றால் கல் கரைந்துவிடுமா, டாக்டர்?”

எங்கள் சிறுநீரக மருத்துவப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் கோடை முழுவதும் ஒலிக்கும் கேள்வி இது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் திருச்சியில் கல்வலியோடு வருவோர் கூடிவிடுகின்றனர். அவர்களுள் பலர் வீட்டு மாடியில் வளரும் ரணகள்ளியின் இலைகளை ஒரு வாரமாவது வெறும் வயிற்றில் மென்றுவிட்டே வருகின்றனர். சிலர் அதை மறைக்கின்றனர். திட்டுவோம் என்ற அச்சம். திட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் செடியை எங்களுக்கும் பிடிக்கும். அதை வளர்க்கும் முறையையும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாகாது என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

பாறையைப் பிளந்துகொண்டு வளரும் செடி, உடலிலுள்ள கல்லையும் பிளக்கும் என்பது உலகின் பல பகுதிகளில் மனிதர் கொண்டிருந்த எண்ணம். ஐரோப்பிய மலைகளின் கல்லிடுக்குகளில் வளரும் சிறு செடியினம் ஒன்றுக்கு ‘சாக்சிஃபிராகா’ என்று பெயர். இலத்தீனில் ‘கல்லை உடைப்பது’ என்று பொருள். நம் நாட்டு மருத்துவ நூல்களில் வரும் ‘பாஷாணபேதம்’ என்ற வடமொழிப் பெயருக்கும் அதே பொருள்தான். பாஷாணபேதம் என்று இன்று பெரும்பாலும் குறிக்கப்படுவது இமயமலைச் சரிவுகளில், பாறை வெடிப்புகளில் வேரூன்றும் பெர்கீனியா என்னும் செடி. அதுவும் சாக்சிஃபிராகாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரு நிலத்து மக்களும் ஒரே குடும்பத்துச் செடிகளுக்கு ஒரே பொருளில் பெயர் வைத்தது வியப்புக்குரியது.

பெர்கீனியாவைத் திருச்சியில் வளர்க்க இயலுமா என்று கேட்பவர்களும் உண்டு. நமக்கு 83 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக்கோட்டைப் பாறை இருக்கிறது. இமயத்தின் குளிருக்கு எங்கே போவது? கொடைக்கானலிலோ உதகையிலோ முயன்று பார்க்கலாம். சமவெளி மக்கள், கிடைக்காத செடியின் பெயரைக் கிடைத்த செடிகளுக்குச் சூட்டிக்கொண்டனர். தென்னாட்டில் சிறுபீளை அந்த இடத்தைப் பெற்றது. பொங்கலுக்கு வீட்டு வாசலில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் காப்புக் கட்டுகிறோமே, அதே வெண்பூச் செடிதான். வேறு சில இடங்களில் கற்பூரவல்லியும் ரணகள்ளியும் அப்பெயரால் வழங்கலாயின. ஆகவே ஒருவர் ‘பாஷாணபேதம் சாப்பிட்டேன்’ என்றால், எந்தச் செடியைச் சாப்பிட்டார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நம் ஊரின் தூய வளனார் கல்லூரியில், தாவரவியல் அறிஞர் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் நிறுவிய ராப்பினாட் உலர் தாவரகம் போன்ற இடங்களில் ஒவ்வொரு செடியையும் உலர்த்தி, தாளில் ஒட்டி, உலகப் பொதுப்பெயரோடு சேமிப்பது இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

ரணகள்ளியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கள்ளி என்று அழைத்தாலும் அது கள்ளிக் குடும்பத்தது அன்று. பனிமலைப் பாறைத் தோட்டங்களில் ஐரோப்பியர் விரும்பி வளர்க்கும் செடம், செம்பர்வைவம் ஆகிய தடித்த இலைச் செடிகளின் வெப்பநாட்டு உறவினர் அது. இலையின் ஓரப் பற்களில் குட்டிச் செடிகள் முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று நம் மக்கள் பெயரிட்டனர். இலையை நூலில் கட்டிச் சன்னலில் தொங்கவிட்டாலும் குட்டி போடும். ஜெர்மானியக் கவிஞர் கோதே இதன் இலைகளை நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்ந்தவர். அந்நாட்டில் இதற்குக் ‘கோதேச் செடி’ என்றே ஒரு பெயர் உண்டு.

இச்செடியைப் பற்றிய அறிவியல் வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் இதன் இலையைப் பல வேளைகளில் சுவைத்துப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசப்பு. இதை அவர் லண்டனுக்கு எழுதியனுப்ப, 1815-இல் அது அச்சேறியது. காரணம் பின்னாளில் விளங்கியது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். ரணகள்ளியோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக இலையில் சேமிக்கிறது. விடியற்காலைப் புளிப்பு அதனால்தான். பகல் வெளிச்சத்தில் அந்த அமிலம் செலவாகிவிடுகிறது. ஹைனைப் போல நீங்களும் சுவைத்துப் பார்க்க வேண்டா. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

வளர்க்கும் முறை

நீர் தேங்காமை ஒன்றே முதல் விதி. அடியில் துளையுள்ள, ஆழம் குறைந்த, வாயகன்ற மண்தொட்டி போதும். துளையின்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, செங்கல் நொறுக்கு ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு கைப்பிடி. காவிரி வண்டல் வளமானதுதான். ஆனால் இச்செடிக்கு அது ஆகாது. ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், வேர் அழுகும். திருவரங்கத்து வீடுகளில் ரணகள்ளி பட்டுப்போவதற்கு, நாங்கள் கேட்டறிந்தவரை, வெயிலைவிட வண்டலும் அளவுக்கு மீறிய நீருமே காரணம்.

முதிர்ந்த இலை ஒன்றை மணலின்மேல் படுக்க வைத்து, அசையாதிருக்கச் சிறு கல்லொன்றை அதன்மேல் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் ஓரங்களில் குட்டிகள் எழும். நான்கு இலை விட்டதும் பிரித்து நடலாம். நட்டபின் மண்ணின்மேல் ஓரங்குலத்துக்குச் சிறு ஜல்லி பரப்புங்கள். பனிமலைச் செடி வளர்ப்போரும் இதைத்தான் செய்கின்றனர்: தண்டின் கழுத்து ஈரத்தில் நிற்காது, மண்ணும் சூடேறாது. இரண்டு கற்களை இடையில் சாய்த்து வைத்தால் சிறு பாறைத் தோட்டமாகவே தோன்றும்.

காலை வெயில் படும் கிழக்குப் பார்த்த பால்கனி மிகவும் ஏற்றது. அக்கினி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடித் தளம் வாணலியாகக் காயும். அப்போது தொட்டியை மரநிழலுக்கோ படிக்கட்டின் ஓரத்துக்கோ மாற்றுங்கள். இலை ஓரங்கள் சிவந்தால் வெயில் மிகுதி. தண்டு நீண்டு மெலிந்தால் வெளிச்சம் போதவில்லை. விரலை முதற் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். கோடையில் வாரம் இருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீங்கள் ஊற்றவே வேண்டா. தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பதே பராமரிப்பு. மார்கழிப் பனியில் இலையில் வெண்பூஞ்சை தோன்றினால் அந்த இலையை நீக்கிவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் சோப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். நோயாளி இருக்கும் வீட்டில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள்.

பின்பனிக் காலத்தில் முதிர்ந்த செடி உயர்ந்து, காகித விளக்குகள் போன்ற பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும். இரவு முழுவதும் மின்விளக்கு விழும் இடத்தில் பூப்பது தாமதமாகலாம்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வாரம் மூன்று முறை வரும் மூத்தவர் ஒருவர் வீட்டில் நாற்பது தொட்டிகள் வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு ரணகள்ளியை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டோம். “இதுவும் என்னை மாதிரிதாங்க, அளந்துதான் தண்ணி” என்றார்.

நோயாளிகள் மண்ணைத் தொடும்போது

செடி வளர்ப்பது பெரும்பாலான நோயாளிகளுக்கு நல்லது, நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா அமைத்த கையால் தொட்டியைத் தூக்காதீர்கள். அக்கையில் முள்ளோ கல்லோ கீறவும் விடாதீர்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர், செடி வேலைக்குப் பின் நகத்தடி வரை சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பையைத் தொட வேண்டும். அந்த அறைக்குள் தொட்டியே வேண்டா. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர், மருத்துவர் அனுமதிக்கும் வரை மண் வேலையைக் குடும்பத்தாரிடம் விடுங்கள்; அனுமதித்த பின்னும் கையுறையும் முகக்கவசமும் தேவை, மக்கிய எருவைக் கிளறுதல் ஆகாது.

சர்க்கரை நோயுள்ளோருக்கும் ஒரு சொல். மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது, தமிழ்நாட்டிலும் காணப்படுவது. மழைக்காலத்தில் தோலின் சிறு புண் வழியாகவும் உடலுக்குள் நுழையும். சர்க்கரை நோயாளிகளையும் சிறுநீரக நோயாளிகளையும் அது கடுமையாகத் தாக்கும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்காதீர்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் மணல் நிரப்புங்கள். டெங்கு கொசு அந்தத் தட்டு நீரையே தேடி வரும்.

இலையை உண்ணலாமா

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் நடந்த சில ஆய்வுகளில் ரணகள்ளிச் சாறு ஆக்சலேட் படிகங்களைக் குறைத்ததாகக் காணப்பட்டுள்ளது. மனிதரின் கல்லை அது கரைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. மிகுதியாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து அலோபதியிலும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். யூரிக் அமிலக் கல் மருந்தால் கரையக்கூடியது.

பின் எப்படிப் பலருக்கு ‘இலை தின்று கல் போயிற்று’? 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை எந்த மருந்தும் இல்லாமல் சில வாரங்களில் தாமாகவே வெளியேறும். இலையோடு குடித்த நீரும் உதவியிருக்கும். பெயர் இலைக்குப் போகிறது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. எங்களை வருத்துவது வேறொன்று. கல் சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும்போதே வலி அடங்கிவிடுவதுண்டு. வலி போனதால் கல்லும் போயிற்றென்று எண்ணி, இலையை மென்றுகொண்டு ஸ்கேன் எடுக்காமல் மாதக்கணக்கில் இருப்போர் உள்ளனர். அவர்கள் மீண்டும் வரும்போது அந்தச் சிறுநீரகம் வீங்கி, சதை மெலிந்து, திரும்பச் செயற்படாத நிலையை அடைந்திருப்பதை நாங்கள் காண்கிறோம். நாற்பது வயதுகூட ஆகாதவர்களிடமும் காண்கிறோம். ஆகவே இலை தின்றாலும் தின்னாவிட்டாலும், மருத்துவர் குறித்த நாளில் ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள். கல்வலியோடு குளிர்சுரம் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தாலோ அன்றிரவே வர வேண்டும். விடியும் வரை காத்திருக்கலாகாது.

இலைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. பஃபாடையினோலைடு என்னும் நச்சுப்பொருட்கள், இதயத்தின்மேல் டிகாக்சின் மாத்திரையைப் போலவே செயற்படுபவை. பூவில் அவை மிகுதி. ஆஸ்திரேலியாவில் இவ்வினச் செடிகளை மேய்ந்து மாடுகள் இறந்துள்ளன. எனவே கத்தரித்த பூங்கொத்தை வீதியில் நிற்கும் பசுவுக்குப் போடாதீர்கள். டிகாக்சின் உட்கொள்வோர், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளோர், கருவுற்றோர், குழந்தைகள் இலையை உண்ணவே கூடாது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோருக்கு எந்த இலைச்சாறும் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். இளநீருக்கும் அவர்களுக்கு அதே தடைதான். ஆக்சலேட் மிகுந்த பிலிம்பிக் காய்ச் சாற்றைக் குடித்து, நலமாயிருந்தவர்களுக்கே சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கொள்ள இயலாது.

மீண்டும் கல் வராமலிருக்க நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியவை சுவையற்றவை: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் (நீர்க்கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது), உப்பைக் குறைத்தல், எலுமிச்சைச் சாறு. பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டா. உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் கூடவே செய்யும்.

நீங்கள் எடுக்கும் சூரணம், கஷாயம், இலை எதுவானாலும் மருந்துச் சீட்டு எழுதும் முன் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையையே கொண்டு வாருங்கள்.

பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்தில் புதுத் துளிர் வரும். மிஞ்சும் குட்டிகளைக் காவிரிக் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ வீசாதீர்கள். பல நாடுகளில் இது களையாகப் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவிட்டது. வேண்டுவோருக்கு இலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நட்டாலும் முளைக்கும்.