முகவரியும் சுவரோவியமும்

மாணவச் செல்வங்களே, மனிதனை அவன் தோலின் நிறங்கொண்டு அளப்பது இனவெறி. அவன் குடியிருக்கும் தெருவைக் கொண்டு அளப்பதும் அதற்கு இளைத்த தீமையன்று. இவ்விரண்டையும் எதிர்த்து ஓவியர்கள் தெருச்சுவரில் தூரிகை பிடித்ததுண்டு.

1967ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பின ஓவியர்கள் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் தம் இனத்துப் பெருமக்களின் உருவங்களைத் தீட்டினார்கள். ‘மரியாதைச் சுவர்’ என்பது அதன் பெயர். சில ஆண்டுகளில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. எனினும், அதைப் பின்பற்றிப் பல நகரங்களில் சுவரோவியங்கள் எழுந்தன.

இனி, நம் ஊருக்கு வருவோம். எங்கள் வானகரத்தை ஒட்டி ஓடும் கூவம் ஆறு சென்னைக்குள் புகுகிறது. அங்கே அதன் கரையிலும் பிற நீர்நிலைகளின் ஓரத்திலும் வாழ்ந்த ஏழை மக்கள் பலர், 2000ஆம் ஆண்டு தொடங்கித் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். அந்த முகவரியைக் கேட்டவுடனே வேலை தர மறுத்தவர்கள் உண்டு. 2020இல் ஓவியர்கள் பலர் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பேருருவ ஓவியங்களை வரைந்தனர். அப்பகுதிச் சிறுமியரின் மலர்ந்த முகங்களும் அவற்றில் இடம்பெற்றன. அவற்றைக் காண வெளியார் வந்தனர்.

ஆயினும், வண்ணம் பார்வையை மாற்றலாம், வேலையைத் தாராது. அதைத் தருபவர் மனிதரே அன்றோ? நாளை நீங்கள் அதிகாரியாய் அமர்ந்து ஒரு விண்ணப்பத்தைப் பிரிக்கும்போது, முகவரியை விடுத்துத் தகுதியை நோக்குங்கள். அன்றுதான் அவ்வோவியம் நிறைவுறும்.