கிரேட் வெஸ்டன் மலையும் அதைச் சுற்றிய ஊர்களும்

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி ரயில் ஏறும்போது நெடுநேரம் கூடவே வருகிற மலைதான் கிரேட் வெஸ்டன். உயரம் 2,200 மீற்றருக்குச் சற்று மேல். நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலையை விட (2,243 மீற்றர்) கொஞ்சம்தான் குறைவு. வட்டகொடை, கிரேட் வெஸ்டன், ரதல்ல நிலையங்களைக் கடந்து பாதை நானுஓயாவைச் சேர்கிறது. அங்கே ரயில் வந்தது 1885இல். இலைநோயால் அழிந்த கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம்.

மலையைச் சுற்றி அன்றிலிருந்தே மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களுடைய இருப்பிடத்துக்கு "ஊர்" என்ற பெயர் இல்லை. தோட்டப் பேச்சைக் கவனித்தால் இது விளங்கும். "மலைக்குப் போறேன்" என்றால் உச்சிக்கு ஏறுவதல்ல, கொழுந்தெடுக்கப் போவது. அந்த மலைக்கு நம்பர் உண்டு. பழையவர்கள் வாயில் "ஊர்" என்பது மூதாதையர் விட்டுவந்த தமிழகக் கிராமம். "நாடு" என்பது பக்கத்துச் சிங்களக் கிராமம். தாம் பிறந்து வளர்ந்த இடமோ வெறும் "தோட்டம்". அதற்குள்ளே மேகணக்கு, பணியகணக்கு என்ற பிரிவுகள், லயங்கள்.

சட்டமும் அப்படியே பார்த்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழி பிறந்தது 2003இல்தான். வாக்குரிமை கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கைச் சபைக்குப் போட்டுவிட்டு, பாதைக்கும் தண்ணீருக்கும் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பகுதிக்கென ஓர் அதிகார சபையும் சட்டமானது. அதன் பெயரிலேயே "புதிய கிராமங்கள்" என்று இருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் குடியிருக்கும் இடங்கள் இனித்தான் கிராமமாக வேண்டும் என்று பொருள்!

மலையக பஜார்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. கடன் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவது தோட்டத்தையும் டிவிசனையும்தானே? வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் எத்தனை பேருக்கு உண்டு?

காணி உறுதி, சொந்த விலாசம், சபை பராமரிக்கும் பாதை: இம்மூன்றும் ஒவ்வொரு லயத்துக்கும் வந்து சேரும்போதுதான் கிரேட் வெஸ்டனைச் சுற்றி ஊர்கள் இருக்கின்றன என்று நாம் எழுதலாம்.