வீட்டுச் சாமான்களை வெளியூருக்கு அனுப்ப வாடகை குறைவான வழிகள்

கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பெங்களூர், திருப்பூர் என்று பிழைப்புக்காகக் குடும்பத்தோடு பெயர்ந்து போகிறவர்கள் முதலில் விசாரிப்பது நம் கடைகளில்தான். "ஏண்ணா, உங்களுக்குச் சரக்கு இறக்கிய லாரி அந்தப் பக்கம் காலியாகப் போகுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரிட்டர்ன் வண்டியில் வாடகை கணிசமாகக் குறையும். காலியாக ஓட்டிப் போவதைவிட டீசல் காசாவது தேறட்டும் என்றே வண்டிக்காரர் நினைப்பார்.

ஆனால் இதை வாய்ப் பேச்சில் முடித்துவிடுகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பிடிப்பதில்லை. மகளுக்குப் போட்ட சீர்ப் பாத்திரம் முதல் பீரோ வரை ஏற்றிவிட்டு, கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் பஸ் ஏறுகிறார்கள். வழியில் மழையில் நனைந்தாலோ, இரண்டு மூட்டை குறைந்தாலோ யாரைப் போய்க் கேட்பது? வண்டி நம்பர், லைசென்ஸ் நகல், சாமான் பட்டியல், பேசிய வாடகை, கொடுத்த அட்வான்ஸ் எல்லாவற்றையும் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். நாம் சொல்லி அமர்த்தும் வண்டி என்றால் நம் பெயரும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு வண்டிக்குச் சாமான் போதாதவர்களுக்கு லாரி பார்சல் ஆபீஸ்தான் சரி. 1865-ம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2007-ல் இயற்றிய சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் அமலில் உள்ளது. சரக்கைப் பெற்றதற்கு ரசீது தர வேண்டும். சாமான் தொலைந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளைக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டுப் பிறகு முழு நஷ்டஈடு கேட்டால் கிடைக்காது. மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றுக்கு எடையைப் பாராமல் அடைக்கும் இடத்தைப் பார்த்து வாடகை போடுவார்கள். பழைய மெத்தையை இங்கேயே தள்ளிவிடுவது லாபம்.

கலவைக்கு ரயில் இல்லை. வாலாஜா ரோடு அல்லது காட்பாடி போக வேண்டும். வண்டி கொஞ்ச நேரமே நிற்கும் ஸ்டேஷனில் பார்சல் ஏற்றுவது சிரமம் என்பதால் காட்பாடியில் விசாரிப்பதே நல்லது. ஸ்லீப்பர் டிக்கெட் ஒன்றுக்கு 40 கிலோ இலவசம்; மூன்று பேர் போனால் 120 கிலோ ஆயிற்று. பாத்திரமும் துணியும் இதிலேயே அடங்கிவிடும். மோட்டார் சைக்கிளைப் பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு புக் செய்யலாம். கேஸ் சிலிண்டரை எதிலும் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. அதை நம்பி வீட்டுச் சாமானோடு கடைச் சரக்கையும் சேர்த்து அனுப்பக் கூடாது. வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது.

நம்மிடம் சேரும் எண்ணெய் அட்டைப்பெட்டி, சர்க்கரைச் சாக்கு எல்லாம் இவர்களுக்குப் பெரிய உதவி. மிளகாய்ச் சாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதில் துணி கட்டினால் குழந்தைகள் பாடு திண்டாட்டம்! ஒவ்வொரு மூட்டையிலும் பெயரும் '12-ல் 1', '12-ல் 2' என்று நம்பரும் மையால் எழுத வேண்டும். போன ஊரில் எண்ணிப் பார்த்து, குறை இருந்தால் டெலிவரி ரசீதிலேயே குறித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.