ஆம்ஸ்ட்ராங் அடுக்கிவைத்த ஒலிகள்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், கொரோனா என்ற சாதாரணக் குடியிருப்பில் இருக்கிறது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிய அந்த டிரம்பெட் கலைஞர் 1943இல் அங்கே குடிவந்தார். 1971இல் இறக்கும்வரை வேறு வீடு தேடவில்லை. ஆண்டின் பெரும்பகுதி கச்சேரிப் பயணம். ஊர் திரும்பினால் ஸ்பூல் டேப் பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்துவிடுவார். அப்படிச் சேர்ந்த ஸ்பூல்கள் 600க்கும் மேல்.

அவற்றில் பிறருடைய இசைத்தட்டுகளையும் வானொலி நிகழ்ச்சிகளையும் பிரதியெடுத்து வைத்திருக்கிறார். இசைத்தட்டை ஓடவிட்டு, கூடவே தானும் வாசிக்கிறார். நண்பர்களோடு அரட்டை, மேடைக்குப் பின்னால் நடந்த பேச்சு, மனைவி லூசிலோடு வாக்குவாதம் எல்லாம் உண்டு. மேடையில் எப்போதும் சிரித்த முகமாகத் தெரிந்தவர், நிறவெறியால் பட்ட அவமானங்களைக் கொதிப்போடு சொல்வதையும் இங்கே கேட்கலாம்.

வீடு 2003இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சேகரிப்பு டிஜிட்டலாக்கப்பட்டு 2018இல் இணையத்துக்கு வந்தது. 2023இல் வீட்டுக்கு எதிரே ஆம்ஸ்ட்ராங் மையம் திறக்கப்பட்டது. அதன் முதல் கண்காட்சியை அமைத்தவர் பியானோ கலைஞர் ஜேசன் மோரன்.

ஒலிக் காப்பகத்தை இணையத்தில் வைப்பது என்றதும் வடிவமைப்பாளர்கள் பாட்டின் பெயர், ஆண்டு, பக்கத்தில் ஒரு பிளே பட்டன் என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் அது பெரிய இழப்பாக முடியும். இந்தக் காப்பகத்தின் முதல் வடிவமைப்பாளர் அவரேதான். ஸ்பூல்களுக்கு எண் போட்டார். எதில் என்ன இருக்கிறது என்று தன் கையால் எழுதிவைத்தார். அட்டைப்பெட்டிகளின் மேல் புகைப்படங்கள், பத்திரிகைத் துண்டுகள், வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றையும் செலோடேப்பால் ஒட்டிக் கொலாஜ் செய்தார். எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு, எங்கே நிறுத்திப் பேச்சு என்பதெல்லாம் அவர் முடிவு. பாட்டுப் பாட்டாக நறுக்கினால் அந்த முடிவுகள் காணாமல் போகும்.

ஆகவே முழு ஸ்பூலையே அடிப்படை அலகாக வைக்க வேண்டும். அதன்மீது நேரக்குறிப்புகள் இட்டால், அவசரக்காரர் வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்வார். தாவியவருக்கும் முன்னும் பின்னும் என்ன ஓடுகிறது என்பது திரையில் தெரியும். ஒலி ஓடும்போது பெட்டியின் இரு பக்கப் படங்களும் அவர் கையெழுத்துக் குறிப்பும் அருகிலேயே இருக்கட்டும். ஒட்டியிருக்கும் ஒரு முகத்தைத் தொட்டால், அது யார், வேறு எந்த ஸ்பூலில் அவர் குரல் இருக்கிறது என்று விரியட்டும்.

நறுக்குவதால் என்ன போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் தீவிர ரசிகர் டீன் பெனடெட்டி 1947–48இல் கிளப்களுக்குப் போய்ப் பதிவு செய்தவர். பார்க்கர் வாசித்தால் கருவி ஓடும். மற்றவர் முறை வந்தால் நிறுத்திவிடுவார். அந்த அன்பு நமக்கு விலைமதிப்பற்ற தனி வாசிப்புகளைத் தந்தது. ஆனால் பார்க்கர் எதற்குப் பதில் சொல்லி வாசித்தார் என்பது போய்விட்டது. நறுக்கப்பட்ட காப்பகமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரைச்சலை நீக்கும் மென்பொருளையும் கவனமாகக் கையாள வேண்டும். சுத்தம் செய்த வடிவம் இருக்கலாம். அறையின் எதிரொலியும் தட்டின் கீறலும் உள்ள மூலப்பதிவு ஒரு தொடுதலில் கிடைக்க வேண்டும். எந்த அறை என்பதுகூட இங்கே முக்கியம். அந்த வீட்டைச் சுற்றிக்காட்டும்போது, அறைகளில் அவருடைய வீட்டுப் பதிவுகளை ஒலிக்கவிடுகிறார்கள். இணையத்திலும் ஒலியை இடத்தோடு இணைக்க இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

உரிமைச் சிக்கல் தனி. கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவில் அவர் வாசித்து 1923இல் வெளியான தட்டுகள், அமெரிக்காவில் 2024 ஜனவரியில்தான் பதிப்புரிமை நீங்கிப் பொதுச்சொத்தாயின. ஸ்பூல்களில் பிரதியெடுத்த பிறர் இசையில் அதற்கு இன்னும் காத்திருக்க வேண்டியவை ஏராளம். அவற்றை அப்படியே வெட்டி எறியாமல், அந்த இடத்தில் என்ன தட்டு, எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதிக் காட்டலாம். லூசிலின் குரலும் விருந்தாளிகளின் குரலும் வேறு விதத்தில் சிக்கலானவை. எல்லோரும் ஆம்ஸ்ட்ராங்கைப் போலப் பிற்காலத்துக்காகப் பேசியவர்கள் அல்ல. அந்தப் பகுதிகளை நேரில் வந்து கேட்பவர்களுக்கு மட்டும் திறந்துவைப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.