கேமில் வரும் குறிப்புப் பெட்டி: நம் விருப்பப்படி மாற்றலாம்

கேமில் ஒரு கதவை நெருங்கியதும் எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றும். ரோப்ளாக்ஸ் ஸ்டுடியோவில் இதன் பெயர் பிராக்சிமிட்டி பிராம்ப்ட். நாம் மாற்றாவிட்டால் 'இன்டராக்ட்' என்று மட்டுமே அதில் இருக்கும். அழுத்தினால் என்ன நடக்கும் என்பது விளையாடுபவருக்குத் தெரியாது.

எக்ஸ்ப்ளோரர் விண்டோவில் கதவின் பெயருக்கு அருகே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து இதனைச் சேர்க்கவும். பின் பிராப்பர்ட்டீஸ் விண்டோவில், ஆப்ஜெக்ட் டெக்ஸ்ட் என்ற இடத்தில் பொருளின் பெயரையும், ஆக்‌ஷன் டெக்ஸ்ட் என்ற இடத்தில் நடக்கப்போகும் செயலையும் டைப் செய்யவும். கீயின் பெயரை எழுத வேண்டாம். அதனை ரோப்ளாக்ஸே காட்டும். செல்போனில் விளையாடுபவருக்குக் கீ ஏது?

சேர்த்த காசைச் செலவழிப்பது போன்ற, திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு ஹோல்ட் டியூரேஷனை 0-விலிருந்து 2 ஆக நான் மாற்றிவிடுவேன். 2 விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் வேலை நடக்கும். கை தவறிப் பட்டால் காசு போகாது.

பெட்டியின் தோற்றத்தையே மாற்ற, ஸ்டைல் என்பதில் கஸ்டம் தேர்ந்தெடுக்கவும். உடனே பழைய பெட்டி மறைந்துவிடும். புதியதை நீங்களே வடிவமைத்து, ஸ்கிரிப்ட் மூலம் காட்ட வேண்டும். எனவே முதலில் சொற்களை மாற்றிப் பழகுங்கள்.